பழைய பிக்கப் வண்டியில் ஸ்டீரிங் தூணை மாற்றும் முறை

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

உழுகிறவன் மேழியை நம்பி நடக்கிறான். வண்டி ஓட்டுகிறவன் ஸ்டீரிங் சக்கரத்தை நம்பி அமர்ந்திருக்கிறான். மேழி பிடி கழன்றால் ஒரு சால் கோணலாகும், அவ்வளவே. ஸ்டீரிங் கழன்றால் நேரும் கேட்டுக்கு அளவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், விதைநெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வாய்க்கால் கரைமேல் வந்துகொண்டிருந்தது. பின்னால் நான் மோட்டார் சைக்கிளில் வந்தேன். வளைவில் ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பினார். சக்கரம் அவர் கையில் சும்மா சுழன்றது. டிராக்டரோ நேரே சென்றது. வேகம் குறைவாயிருந்தபடியால் எதிரேயிருந்த மண்மேட்டில் முட்டி நின்றது, ஒருவருக்கும் காயமில்லை. இறங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. முந்தின வாரம் ஸ்டீரிங் வேலை செய்த பட்டறையில், ராட்டின் கீழ்முனையைப் பிணைக்கும் போல்ட்டை விரலால் திருகிவிட்டு, ஸ்பானர் கொண்டு இறுக்க மறந்துவிட்டார்கள்.

அப்பிழை ஒரு வாரத்திலேயே தன்னைக் காட்டிக்கொண்டது. ஸ்டீரிங் வேலையில் இன்னொரு வகைப் பிழையும் உண்டு. அது பத்தாண்டானாலும் வெளியே தெரியாது. வண்டி நன்றாகவே ஓடும். மோதல் நேரும் ஒரு கணத்தில் மட்டும் வெளிப்படும். இவ்விருவகைப் பிழைகளும் நேராதபடி ஸ்டீரிங் தூணை மாற்றுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடியானவர்களின் பிக்கப் வண்டியை உதாரணமாகக் கொள்கிறோம். அந்நாட்டில் நாற்பது, ஐம்பது ஆண்டு சென்ற பிக்கப் வண்டிகளை உடையவர்களே பழுதுபார்த்து ஓட்டிவருவது சாதாரண வழக்கம். ஸ்டீரிங் தூணின் அமைப்பு வளர்ந்த விதத்தையும் அவ்வண்டிகளிலே தெளிவாகக் காணலாம். பழைய ஜீப்பும் டிராக்டரும் வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு அப்பாடம் பயன்படும்.

தூணின் அமைப்பு

ஓட்டுநர் கையிலுள்ள சக்கரத்திலிருந்து, முன்புறம் சட்டத்தில் பொருத்திய ஸ்டீரிங் பெட்டி வரையில் ஓர் இரும்பு ராடு செல்கிறது. அதைச் சுற்றி ஓர் உறைக்குழாய் இருக்கிறது. கியர் மாற்றும் கைப்பிடி, திரும்பும் விளக்கின் சுவிட்சு, ஹாரன் கம்பி ஆகியவையும் அதனோடு சேர்ந்தவை. இவையனைத்தும் அடங்கிய பகுதியையே ஸ்டீரிங் தூண் என்கிறோம்.

1947 முதல் 1955-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் வெளிவந்த ஷெவர்லே பிக்கப் வண்டிகளில் ராடும், பெட்டிக்குள் சுழலும் திருகும் ஒரே துண்டு. முன்புறம் பலமாக மோதினால் பெட்டி பின்னோக்கித் தள்ளப்படும். அதனோடு ராடும் ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும். அக்காலத்து வண்டிகளில் இந்த அபாயம் பொதுவானது.

இதற்குப் பரிகாரமாக, மோதும்போது தானே அமுங்கிச் சுருங்கும் தூணை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்கள் 1967-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமைத்தனர். 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு இத்தகைய பாதுகாப்பு அந்நாட்டில் கட்டாயமாயிற்று. பிக்கப் போன்ற இலகு லாரிகளுக்கு 1981 செப்டம்பர் 1 முதலே கட்டாயமாயிற்று. விதிகள் இரண்டு. மணிக்கு 15 மைல் வேகத்தில் மனித உடல் போன்ற கட்டை ஒன்று சக்கரத்தின்மேல் மோதினால், அதன்மீது 2,500 ராத்தலுக்கு, அதாவது சுமார் 1,134 கிலோகிராமுக்கு, மேற்பட்ட அழுத்தம் நிலைக்கலாகாது என்பது ஒன்று. வண்டி மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதினால், தூணின் மேல்முனை 5 அங்குலத்துக்கு மேல் பின்னோக்கி வரலாகாது என்பது மற்றொன்று. முன்புற மோதல்களில் கார் ஓட்டுநர் இறக்கும் அபாயத்தை இத்தூண் சுமார் 12 விழுக்காடு குறைத்தது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 1981-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

அமுங்கும் விதம்

1973 முதல் 1987 வரையிலான மாதிரிகளான ஷெவர்லே, ஜி.எம்.ஸி. பிக்கப் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். உறைக்குழாய் இரண்டு பகுதியாக, ஒன்றினுள் ஒன்று நுழையும்படி அமைந்தது. ராடும் அவ்வாறே இரு துண்டு. மேல்துண்டு கீழ்த்துண்டின் துளையில் நுழைந்திருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இவை நகராதபடி, துளைகளில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி முளைகளாக உறையவிட்டிருக்கிறார்கள். பலத்த மோதலில் அம்முளைகள் வெட்டுண்டு, தூண் சுருங்குகிறது. டாஷ்போர்டின் அடியில் தூணைத் தாங்கும் பட்டையிலும் இரண்டு சிறு அடைப்புத்துண்டுகள் பிளாஸ்டிக் பிடிப்பால் நிற்கின்றன. ஓட்டுநரின் உடல் தூணின்மீது மோதினால் பட்டை அவற்றை விட்டு முன்னோக்கி நழுவும். தூண் பின்னோக்கி ஓட்டுநர்மேல் வராதபடி அவையே தடுக்கும்.

ஆகவே ஓட்டுநரின் மார்பைக் காப்பது கனத்த இரும்பன்று. விரல்நுனியளவான பிளாஸ்டிக் முளைகளே. இதை மறவாதவன் செய்யும் வேலை ஒன்று. மறந்தவன் செய்யும் வேலை வேறு. ராட்டின் முனையில் சுத்தியலால் ஓர் அடி, தூணைச் செங்குத்தாகத் தரையில் நழுவவிடுதல், அதன்மேல் சாய்ந்து உடல் பாரத்தைப் போடுதல் ஆகிய ஒவ்வொன்றும் அம்முளைகளைத் தளர்த்தவோ வெட்டவோ போதுமானது. முன்னரே சிறிது அமுங்கிய தூணில், வேண்டிய நேரத்தில் அமுங்குவதற்கு இடம் குறைந்துபோகும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தாங்குபட்டையில் குறித்த அளவைவிட நீண்ட போல்ட்டைப் போட்டாலும், குழாய்களைப் பற்றவைத்தாலும், தூண் அமுங்கவே மாட்டாது; மறுபடியும் பழைய ஈட்டியாகிவிடும். முதலில் சொன்ன மறைந்திருக்கும் பிழை இதுவே.

மாற்றுமுன் செய்யவேண்டிய சோதனை

ஸ்டீரிங் ஆடுகிறது என்றவுடன் தூணைக் குற்றஞ்சாட்டுவது தவறு. நோயறியாமல் மருந்திடலாகாது. இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் சக்கரத்தை இடமும் வலமுமாகச் சிறிது திருப்ப, மற்றவர் முன்மூடியைத் திறந்து மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் பார்க்கவேண்டும்.

தூணுக்கும் பெட்டிக்கும் இடையில், ரப்பரும் துணியும் அடுக்கிச் செய்த வட்டத்தகடு ஒன்று இருக்கிறது. சாலையின் அதிர்ச்சி கைக்கு ஏறாதபடி தடுப்பது அது. எண்ணெயும் வெப்பமும் பட்டு அது பிளந்திருந்தால், தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தகடு உறுதியாயிருந்து, பெட்டியின் உள்ளே செல்லும் தண்டு திரும்பியும் வெளியே வரும் கை திரும்பாமல் நின்றால், குற்றம் பெட்டியில். கை திரும்பியும் சக்கரங்கள் தாமதித்தால், குற்றம் அடியிலுள்ள கம்பிகளின் குண்டு மூட்டுகளில்.

சக்கரத்தை மேலும் கீழுமாக அசைக்கும்போது தூணின் தலைப்பகுதி மட்டும் ஆடினால், அது சாய்வு மாற்றத்தக்க தூணாயிருக்கக்கூடும். அவ்வகையில் தலைப்பகுதியினுள் நான்கு போல்ட்டுகள் நாளடைவில் தளர்வது மிகச் சாதாரணம். அவற்றை இறுக்கினால் தூண் பழையபடி உறுதிப்படும். புதுத் தூண் வாங்கும் செலவு மிஞ்சும்.

உறைக்குழாய் வளைந்திருந்தாலும், முன்பு மோதலில் தூண் அமுங்கியிருந்தாலும், ராடு நீளவாட்டில் கடகடவென்று ஆடினாலும், தாங்குபட்டை தன் அடைப்புத்துண்டுகளை விட்டு நழுவியிருந்தாலும், முழுத்தூணையும் மாற்றுவதே தக்கது.

மாற்றுத்தூண் வாங்குதல்

உடைத்து விற்கும் இடங்களில் கழற்றிய தூண்கள் மலிவாகக் கிடைக்கும். முன்புறம் நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்ததை வாங்கலாகாது. அது தன் வேலையை ஒருமுறை செய்து முடித்தது. மற்றவற்றிலும் முளைத்துளைகளைப் பார்த்து, நீளத்தை அவ்வாண்டுக்குரிய பட்டறைக் கைந்நூலில் கண்ட அளவோடு ஒப்பிடவேண்டும். கியர் கைப்பிடி தூணிலுள்ள வண்டிக்கும் தரையிலுள்ள வண்டிக்கும் தூண் வேறு. தானியங்கிக் கியருக்கும் கைக்கியருக்கும் வேறு. சாவித்துவாரமும் பூட்டும் தூணிலேயே இருப்பதால், இவ்வேற்றுமையைக் கவனியாது வாங்கினால் பூட்டு கியரோடு பொருந்தாமற்போகும்.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க. முன் சக்கரங்கள் நேராகவும், ஸ்டீரிங் சக்கரத்தின் ஆரக்கால்கள் மட்டமாகவும் இருக்கட்டும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக.

2. முழுத்தூணை மாற்றுவதற்கு ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றவேண்டிய அவசியமில்லை. கழற்ற நேர்ந்தால், அதிலுள்ள இரண்டு மரைத்துளைகளில் புல்லரைப் பொருத்தி இழுக்கவேண்டும். அடித்துக் கழற்றலாகாது.

3. முன்மூடியைத் திறந்து, வட்டத்தகட்டுக்கும் ராட்டின் முனைத்தட்டுக்கும் குறுக்கே வர்ணத்தால் ஒரு கோடிடுக. பின்னர்த் தகட்டின் இரண்டு நட்டுகளையும் கழற்றுக. கியர்க்கம்பிகளைத் தூணின் அடியிலுள்ள நெம்புகோல்களிலிருந்து பிரிக்க.

4. வண்டியினுள், விளக்குச் சுவிட்சு, சாவிச் சுவிட்சு ஆகியவற்றின் கம்பிக் கொத்துகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்டுக. தானியங்கிக் கியர் வண்டியானால், டாஷ்போர்டின் முள்ளை நகர்த்தும் மெல்லிய கம்பியையும் விடுவிக்க. தரைத்தகட்டின் திருகுகளைக் கழற்றுக.

5. ஒருவர் தூணைக் கையால் தாங்கிக்கொள்ள, மற்றவர் டாஷ்போர்டின் அடியிலுள்ள இரண்டு நட்டுகளையும் கழற்றவேண்டும். அடியிலுள்ள நெம்புகோல்கள் துவாரத்தில் சிக்காதபடி தூணைச் சிறிது சுழற்றிக்கொண்டே உள்ளே இழுக்க.

6. வெளியே எடுத்த தூணைச் சாக்கு விரித்துக் கிடையாக வைக்க. சுவரில் சாய்த்து நிறுத்தலாகாது. வண்டியில் பொருத்தியிருக்கையில் அது உறுதியானது. கழற்றியபின் முட்டைபோல் பேணத்தக்கது.

பொருத்தும் முறை

இத்தூணைப் பொருத்துவதற்குக் கைந்நூல் ஒரு கட்டாய வரிசையை விதித்திருக்கிறது. அதை மாற்றுவதால் தூண் இழுபட்ட நிலையில் இறுகி, முளைகள்மேல் ஓயாத பாரம் விழும்.

முதலில் தூணைத் துவாரத்தின் வழியே செலுத்தி, கீழ்முனைத்தட்டை வட்டத்தகட்டோடு சேர்த்து நட்டுகளை இடுக. தகட்டின் இரண்டு போல்ட்டுகளும் ஒரே பருமனல்ல. ஒன்று 3/8 அங்குலம், மற்றது 5/16 அங்குலம். எனவே அது ஒரே விதமாகத்தான் பொருந்தும். பொருந்தாவிடில் அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டுமேயன்றித் துளையைப் பெரிதாக்கலாகாது. அடுத்து மேல்நட்டுகளைத் தளர்வாக இடுக. பின்பு தரைப்பிடியை இறுக்கி, அதன்பின் மேல்நட்டுகளை இறுக்குக. வட்டத்தகடு குழியாமலும் குவியாமலும் தட்டையாயிருக்கிறதா என்று பார்க்க. வளைந்திருந்தால் தூண் முன்னோ பின்னோ தள்ளியிருக்கிறது என்று பொருள். தளர்த்தி மறுபடி அமைக்கவேண்டும்.

பழைய நட்டு, போல்ட்டு, வாஷர்களை அவற்றின் இடத்திலேயே இடவேண்டும். ஒன்று தொலைந்தால் அதே நீளமும் அதே தரமும் உள்ளதையே வாங்குக. கைக்கு அகப்பட்ட போல்ட்டு இங்கே உதவாது. இறுக்கும் அளவைக் கைந்நூலில் கண்டு, முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்குக. ஸ்டீரிங் சக்கரத்தின் நட்டுக்கு அது 30 அடி-ராத்தல். பொருத்தி முடித்தபின், ஒவ்வொரு நட்டையும் வேலை செய்யாத மற்றொருவர் ஸ்பானர் வைத்துப் பார்த்து, வர்ணத்தால் ஒரு புள்ளி வைக்கட்டும். வாய்க்கால் கரையில் கண்ட டிராக்டருக்கு அப்புள்ளி ஒன்றே குறைவாயிருந்தது.

ஓட்டிப் பார்த்தல்

முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புக. எங்கும் பிடிக்கலாகாது, உராயும் ஓசையும் ஆகாது. ஹாரன், திரும்பும் விளக்குகள் ஆகியவற்றைச் சோதிக்க. சாவியைத் திருப்பியதும் பூட்டு முழுவதும் விடுபடுகிறதா என்பதைப் பலமுறை பார்க்க. தானியங்கிக் கியர் வண்டி நிறுத்த நிலையிலும் நடு நிலையிலும் மட்டுமே கிளம்பவேண்டும். மற்ற நிலைகளில் கிளம்பினால் தூணின் அடியிலுள்ள சுவிட்சைச் சீர்செய்யவேண்டும்.

பின்பு சக்கரங்களைத் தரையில் இறக்கி, வெற்றாட்டத்தை அளக்க. முன்சக்கரங்கள் அசையாதிருக்க, ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பு நகரும் தூரமே வெற்றாட்டம். விசை உதவியுள்ள ஸ்டீரிங்கானால் எஞ்சினை ஓடவிட்டு அளக்கவேண்டும். 16 அங்குல விட்டமுள்ள சக்கரத்தில் அது 2 அங்குலத்துக்கு மேலும், 18 அங்குலச் சக்கரத்தில் 2 1/4 அங்குலத்துக்கு மேலும் போகலாகாது என்பது அமெரிக்க நாட்டு விதி. இவற்றுக்குப் பின்பே ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிப் பார்க்க. 100 மைல் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுமுறை பார்ப்பது நலம்.

மேலே கூறியவை காற்றுப்பை இல்லாத பழைய வண்டிகளுக்கே பொருந்தும். சக்கரத்தினுள் காற்றுப்பை உள்ள வண்டியின் தூணைப் பயிற்சி பெற்ற பட்டறையார் தவிர வேறெவரும் தொடலாகாது.

நம்மிடமுள்ள வண்டிகள்

மகீந்திரா கம்பெனியார் 1947 முதல் பம்பாயில் பூட்டி விற்ற வில்லீஸ் ஜீப்பின் ஸ்டீரிங் ராடும், மேலே கூறிய பழைய ஷெவர்லே போலப் பெட்டியின் திருகோடு ஒன்றானது, அமுங்கும் தூணன்று. இத்தகைய ஜீப்பை இன்னும் பேணி வைத்திருப்போர் இதை அறிந்திருக்கவேண்டும். தேய்ந்த ராட்டை வெட்டி ஒட்டவைத்து ஓட்டுவதும், வேறு வண்டியின் தூணை மனம்போல் பொருத்துவதும் இரண்டு விதத்தில் தவறு. ஒட்டு விட்டால் உயிருக்குக் கேடு என்பது ஒன்று. வண்டியை உற்பத்தி செய்தவர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பது மற்றொன்று. கிராம அலுவலர்கள் தங்களிடம் யோசனை கேட்க வருவோர்க்கு இதை எடுத்துரைப்பது பெரிய உபகாரமாகும்.

டிராக்டர் வைத்திருப்போர் பருவம் தொடங்குமுன், எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பதுபோலவே, ஸ்டீரிங் ராட்டின் மேல்முனை முதல் சக்கரம் வரையுள்ள ஒவ்வொரு நட்டையும் கைவைத்துப் பார்க்கவேண்டும். அதற்குக் கால்மணி நேரம் போதும்.

நினைவில் வைக்கவேண்டியவை

நோய் எங்கே என்று அறியாமல் தூணை மாற்றாதீர்கள். மோதிய வண்டியின் தூணை வாங்காதீர்கள். ராட்டின்மேல் சுத்தியலை ஓங்காதீர்கள். நீளமான போல்ட்டைப் போடாதீர்கள், பற்றவைக்காதீர்கள். நீங்கள் இறுக்கியதை இன்னொருவர் பார்க்கட்டும். தளர்ந்த நட்டை ஒரு வாய்க்கால் வளைவு காட்டிக்கொடுக்கக்கூடும். வெட்டுண்ட முளையைக் காட்டிக்கொடுக்க வளைவு ஏதும் இல்லை. வேலை செய்யும் நாளில் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையே அதற்குக் காவல்.